தெள்ளுப்பூச்சியின் பட்சபாதம்

பசறையிலிருந்து நமுனுகுலைக்கு ஏறும் பாதையின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில், எந்த லயத்தின் எந்தக் காம்பராவை எடுத்துக்கொண்டாலும், ஒரே பாயில் ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்து இரவைக் கழித்த நால்வரில் ஒருவருக்கு மாத்திரம் கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகள் இரண்டும் மூன்றுமாக எழும்பியிருக்க, மற்ற மூவரும் யாதொரு விக்கினமுமின்றி எழுந்து, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிரட்டுக்குப் புறப்படுவதைக் காணலாம். தடிப்பேறியவர் பெரும்பாலும் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே இருப்பார். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து தீபாவளிக்கு வீடு திரும்பிய பையனாக இருக்கலாம், பதுளைப் பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டுத் தாய்வீட்டுக்கு வந்த மகளாகவும் இருக்கலாம். "ஒனக்கு ரத்தம் இனிப்புடா தம்பி, அதான் ஒன்னையே தேடி வருது" என்று அப்பாயி சொல்லும் வைத்திய சாஸ்திரத்தால் பையனுடைய அரிப்பு அடங்குவதில்லை. ஆனால் தெள்ளுப்பூச்சி மனிதரில் தராதரம் பார்த்தே கடிக்கிறது என்ற அபிப்பிராயம் மாத்திரம் அவனிடத்திலும் ஊன்றிவிடுகிறது.

இனிப்பு இரத்தம் என்ற கொள்கையை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நலம். இரத்தம் தோலுக்கு உள்ளே இருப்பது. அதன் ருசியை அறியவேண்டுமானால் பூச்சி முன்கூட்டியே ஊசியை இறக்கியிருக்க வேண்டும். தேடி வரும்போது அது கவனிப்பவை வேறு. நாம் நடக்கும்போது தரையில் எழும் அதிர்வும், சரீரத்தின் உஷ்ணமும், மூச்சோடு வெளிப்படும் கரியமில வாயுவும், வெளிச்சத்தைத் திடீரென்று மறைத்துச் செல்லும் நிழலும் அதற்குப் போதுமான அறிவிப்புகள். இவற்றில் ஒன்றாவது மனிதருக்கும் நாய்க்கும் உள்ள பேதத்தையே செவ்வையாக எடுத்துக் காட்டக் கூடியதன்று என்றால், அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள பேதத்தை எப்படிக் காட்டும்?

கொசுவின் விஷயம் சற்று வேறு என்பதை நியாயம் கருதி இங்கே சொல்லவேண்டும். ஓ வகை இரத்தம் உடையவர்களை ஒருவகைக் கொசு அதிகம் நாடுவதாக 2004ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் எழுதினார்கள். தோலில் சுரக்கும் சில அமிலங்கள் மிகுந்தவர்களிடமே கொசு மீண்டும் மீண்டும் செல்கிறது என்று நியூயோர்க் நகரத்து ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தார், ஆட்கள் கையில் அணிந்து கழற்றிய நைலான் உறைகளைக் கொண்டு பரிசோதித்து, 2022இல் வெளியிட்டார்கள். கொசு பறப்பது, தூரத்திலிருந்தே வாசனையை நுகர்ந்து இரையைத் தெரிந்துகொள்ள அதற்கு அவகாசம் உண்டு. தெள்ளுக்குச் சிறகில்லை. தரையில் இருந்தபடி அருகே வந்த காலின்மேல் தாவுவதே அதன் விருத்தி. கொசுவைப் பற்றிய முடிவுகளைப் பத்திரிகைகள் கடிக்கும் ஜந்துக்கள் எல்லாவற்றின் தலையிலும் ஏற்றிவிடுகின்றன. தெள்ளைப் பொறுத்தவரை அவ்வளவு நுட்பமான வாசனைத் தேர்வு இருப்பதாகச் சாதிப்பதற்கு ஆதாரம் மிகவும் சொற்பம்.

ஆகவே, தெள்ளு யாரைக் கடிக்கிறது என்று கேட்பவர், முதலில் அது எங்கே குடியிருக்கிறது என்று கேட்கவேண்டும். இன்று நம் வீடுகளில் காணப்படுவது பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்று பெயர் பெற்ற வகை. பெயர் பூனைக்கு உரியதானாலும் நாயிடத்திலும் அது சுகமாகவே வாழும். வளர்ந்த தெள்ளு, தரையிலிருந்து ஒரு மிருகத்தின்மேல் தாவி ஏறியபின், அதன் உரோமத்திலேயே தங்கி, பெண்ணானால் தன் எடையைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு இரத்தத்தை ஒரு நாளில் உறிஞ்சி, நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டைகள் வரை இடுகிறது. அந்த முட்டைகள் உரோமத்தில் ஒட்டுவதில்லை. நாய் படுக்கும் இடத்தில், உடம்பை உதறும் இடத்தில், இஸ்தோப்பின் மூலையில், அடுப்படிச் சாக்கின் மடிப்பில் உதிர்கின்றன. பொரித்து வரும் புழுவுக்குக் கண் இல்லை. வெளிச்சத்தை வெறுத்துத் தரையின் வெடிப்புக்குள் இறங்கி, மேலேயிருந்து உதிரும் தாய்த் தெள்ளின் எச்சத்தை, அதாவது உலர்ந்த இரத்தத்தை, உண்டு வளர்கிறது. காற்றில் ஈரப்பதம் பாதிக்குக் கீழே இறங்கினால் அது மாண்டுபோகும். நேர் வெயிலைத் தாங்காது.

இந்த வரலாற்றை, நம் தோட்டங்கள் அமைந்துள்ள ஊவா மாகாணத்தின் சீதோஷ்ணத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும். பதுளைப் பட்டணம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 670 மீட்டர். பண்டாரவளை 1,200 மீட்டரை ஒட்டியது. அப்புத்தளை 1,400 மீட்டருக்கும் மேலே. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கு மழை இம்மலைகளில் ஓயாமல் பெய்யும்போது பாய் உலராது, கம்பளி உலராது, தரையின் ஈரமும் போகாது. ஆனி ஆவணி மாதங்களில் கச்சான் காற்று மலையைக் கடந்து உலர்ந்து வந்து, ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் வாங்கிக் கொடுக்கும் அந்த மணத்தைக் கொழுந்தில் ஏற்றும் காலத்தில், வெளி முற்றத்துத் தெள்ளுப் புழுக்கள் வாடிச் சாகும் என்று எதிர்பார்க்கலாம். ஆயினும் லயத்துக் காம்பராவின் உள்ளே கச்சான் நுழைவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளைத் துரைமார் காலத்தில் அளந்து கட்டிய அறையில், ஒரு சன்னல் இருந்தால் இருந்தது, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில், அடுப்பின் வெப்பமும் ஐந்தாறு பேரின் மூச்சும் சேர்ந்து இரவு முழுவதும் ஒரு மிதமான புழுக்கத்தை நிலைநிறுத்துகின்றன. வெளியே பனி கொட்டும் மார்கழியிலும் தெள்ளுக்கு வேண்டிய உஷ்ணத்தையும் ஈரத்தையும் இவ்வளவு சிரத்தையாக வேறு யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

தெள்ளின் பாய்ச்சல் ஏறத்தாழ ஒரு சாண் உயரம். நிற்பவரை அது முழங்காலுக்குக் கீழேதான் எட்டும். கட்டிலில் கிடப்பவரை எட்டுவது சிரமம். தரையில் படுப்பவருக்கோ தலை முதல் கால் வரை எல்லாம் ஒரே உயரம்தான். காம்பராவில் ஒரு கட்டில் இருந்தால் அது யாருக்கு என்பது நமக்குத் தெரியும். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ அது போய்விட, அம்மாவும் பிள்ளைகளும் கீழே படுக்கிறார்கள். அவர்களிலும் அடுப்பு மூட்டுவதற்காக நாலரை மணிக்கு எழுந்து, நாய் சுருண்டு கிடந்த மூலையை மிதித்துக்கொண்டு விறகெடுக்கச் செல்லும் பெண்ணின் கால்தான் அன்றைய தினத்தில் அந்தத் தரையில் முதல் அசைவை உண்டாக்குகிறது. பிள்ளைக்காம்பராவில் பகற்பொழுதெல்லாம் தரையில் தவழும் குழந்தைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். தெள்ளின் பட்சபாதம் என்று நாம் நினைப்பதில் ஒரு பாதி, யார் எங்கே படுப்பது என்று குடும்பமும் தோட்டமும் முன்னரே செய்துவைத்த தீர்மானம்தான்.

மற்றப் பாதி இதைவிட விசித்திரமானது. அது நம் தோலுக்குள் நடப்பது.

தெள்ளு கடிக்கும்போது இரத்தம் உறையாமலிருக்கத் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. தடிப்பும் அரிப்பும் ஊசி குத்தியதால் உண்டாவன அல்ல. அந்த உமிழ்நீருக்கு நம் சரீரம் தெரிவிக்கும் ஆட்சேபம் அது. ஆட்சேபம் தெரிவிக்கவேண்டுமானால் எதிரியை முன்பே அறிந்திருக்கவேண்டும். 1946ஆம் ஆண்டில் கென்னத் மெலன்பி என்ற ஆங்கிலேயப் பூச்சியியலார், கொசுக்கடி முன்பின் அறியாத மனிதர்களைத் தொடர்ந்து கடிக்கவிட்டு, அவர்களுடைய தோலின் நடத்தை படிப்படியாக மாறுவதைக் கண்டெழுதினார். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமினி, பைன்கோல்டு முதலிய ஆராய்ச்சியாளர், சீமைப் பெருச்சாளி என்று நம்மவர் சொல்லும் கினிப்பன்றிகளின்மேல் பூனைத் தெள்ளுகளை விட்டு அதே உண்மையைத் தெள்ளுக்கடியிலும் நிரூபித்தார்கள். முதல் சில நாட்கள் எத்தனை கடித்தாலும் தோலில் ஒன்றும் தெரிவதில்லை. அடுத்து, கடித்து ஒரு நாள் கழிந்தபின் தடிப்பு எழுகிறது. மூன்றாம் நிலையில் கடித்த சில நிமிஷங்களில் ஒரு தடிப்பும் மறுநாள் இன்னொன்றும் தோன்றுகின்றன. அரிப்பின் உச்சம் இதுதான். நான்காவதில் உடனடித் தடிப்பு மாத்திரம் மிஞ்சி, ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. கடைசியாக, அந்தப் பிராணிகளுக்குச் சுமார் மூன்று மாதம் இடைவிடாது கடிபட்ட பிறகு, தோல் சமாதானமாகிவிட்டது. தெள்ளு கடிக்கிறது, ஒன்றும் நேர்வதில்லை. மனிதருக்கு இந்தப் படிகளைக் கடக்க மாதங்களும் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். சிலர் நடுப்படியிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் அந்தப் பாயைப் பாருங்கள். அதில் படுத்த நால்வரும் கடிபட்டிருக்கிறார்கள். லயத்திலேயே பிறந்து வளர்ந்த அப்பாயியின் தோல் ஐந்தாம் நிலையை எந்தக் காலத்திலோ எய்திவிட்டது. வீட்டில் தெள்ளே இல்லை என்று அவள் சாதிப்பதில் பொய் கிடையாது. கொழும்புக்குப் போய் மூன்று வருஷம் கடிபடாமல் இருந்த பையனின் தோலோ பழைய சமாதானத்தை மறந்துவிட்டுப் பழைய விரோதத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்திருக்கிறது. காலைக் காட்டி அவன் முறையிடுவதும் உண்மையே. இவ்விருவருக்கும் இடையே வருஷந்தோறும் தீபாவளிக்கு நடக்கும் வழக்கில் யாரும் தோற்கவேண்டியதில்லை. இன்னும் ஒரு வேடிக்கை: முதன்முதலாகத் தோட்டத்துக்கு வரும் அந்நியர், முன்பு தெள்ளையே அறியாதவரானால், அவருக்கும் முதலிரண்டு நாள் ஒன்றும் தெரியாது. வீட்டார் சுத்தத்தை மெச்சிவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் அவர் சொறியத் தொடங்குவார். அதற்குள் பழி வேறு யாருடைய வீட்டின்மேலோ, எந்தப் பஸ் வண்டியின்மேலோ விழுந்திருக்கும்.

பிள்ளைகள் இந்தப் படிகளின் நடுவே நிற்பவர்கள். இரண்டு வயது முதல் பத்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கைகால்களிலும் இடுப்பிலும் சிறு சிறு கொப்புளங்களாக எழும்பி, சொறிந்து சொறிந்து புண்ணாகி, ஆறிய இடத்தில் கரும்புள்ளி விட்டுப்போகும் சரும வியாதியைக் காணும் தாய்மார் அதைக் கரப்பான் என்றோ உஷ்ணக் கொப்புளம் என்றோ சொல்லிப் பத்தியம் வைக்கிறார்கள். அதன் காரணம் பல சமயங்களில் தெள்ளுக்கடிக்குச் சரீரம் காட்டும் அதீத எதிர்ப்புதான். நம் மலைகளைப்போலவே குளிர்ந்த, ஆனால் இன்னும் உயரமான, கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இத்தொல்லை இருப்பது தெரிந்தது. கருவாட்டையும் கத்தரிக்காயையும் நிறுத்துவதால் பிள்ளைக்கு ஆகாரம் குறைவதைத் தவிர வேறு பயன் இல்லை.

கடி என்பது அரிப்போடு முடிவதானால் இதை ஒரு பரிகாச விஷயமாகவே விட்டுவிடலாம். தோட்டத்துத் தமிழ் ஜனங்களின் சரித்திரத்தில் தெள்ளு அதைவிடப் பெரிய பாத்திரத்தை வகித்திருக்கிறது. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் இந்தியாவெங்கும் பரவியபோது, அது எலியிடமிருந்து மனிதருக்கு எவ்வாறு வருகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. நோயாளிகள் சிலரின் காலில் இருந்த சிறு கொப்புளத்தைக் கண்டு அது தெள்ளுக்கடி என்று ஊகித்த பிரெஞ்சு வைத்தியர் போல் லூயி சிமோன், 1898 ஜூன் மாதத்தில் கராச்சியில் ஒரு ஹோட்டல் அறையில், எலிகளையும் தெள்ளுகளையும் கண்ணாடி ஜாடியில் வைத்து அதை மெய்ப்பித்தார். பல வருஷங்கள் அவரை யாரும் நம்பவில்லை. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, துணிகளைச் சுத்திசெய்து, சில நாள் கண்காணித்த பிறகே தலைமன்னாருக்குக் கப்பலேற்றியதற்குப் பிளேக் அச்சமும் ஒரு காரணம். எத்தனையோ அவமானங்களோடு நம் பாட்டன்மார் நினைவில் தங்கிய அந்த முகாமின் சுத்திகரிப்பு, யார் உடம்பில் நோய் இருக்கிறது என்று பார்த்ததேயன்றி, அவர்களுக்காகக் கப்பலில் வந்த அரிசி மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அதே கண்டிப்போடு பார்க்கவில்லை.

மூட்டைக்குள் இருந்ததைப் பார்த்தவர் ஒருவர் கொழும்பில் இருந்தார். 1914இல் கொழும்பில் பிளேக் தலைகாட்டியபோது நகரத்தின் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளராக இருந்த பேபியன் ஹர்ஸ்ட், எலிகளின் உரோமத்தைச் சீவித் தெள்ளுகளைச் சேகரித்து ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். இந்தியாவில் பிளேக்கைப் பரப்பிய செனோப்சில்லா கியோபிஸ் என்ற வகையைக் காணலாம் என்று எதிர்பார்த்த இடத்தில், அதன் உடன்பிறந்ததுபோல் தோன்றும் செனோப்சில்லா ஆஸ்டியா என்ற வேறு வகையே மிகுதியாக இருந்தது. ஆஸ்டியா பிளேக்கைக் கடத்துவதில் கியோபிஸுக்கு மிகவும் பின்தங்கியது என்பதை அவர் பின்னர் நிலைநாட்டினார். சுற்றுமுற்றும் பிளேக் தலைவிரித்தாடியபோதும் சென்னைப் பட்டணம் பெரும்பாலும் தப்பிப் பிழைத்ததற்கும் அங்கே ஆஸ்டியா மிகுந்திருந்ததே காரணம் என்ற முடிவுக்கு, கிராக் என்பவர் இந்தியாவிலிருந்தும் ஹர்ஸ்ட் இங்கிருந்தும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்ந்தார்கள். தானியத்தோடு பிரயாணம் செய்வது கியோபிஸ். நோயும் புறக்கோட்டைத் தானியக் கிடங்குகளையே வட்டமிட்டது. ஹர்ஸ்ட் தம் வாழ்நாள் ஆராய்ச்சியை 1953இல் பிளேக்கை வென்ற வரலாறாக ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். இலங்கையில் கடைசிப் பிளேக் நோயாளி பதிவானது 1938இல். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தோட்டத்து அரிசி அந்த ரயிலில் ஏறி மலைக்கு வந்த வருஷங்களை இவ்விரண்டு தேதிகளோடு சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, நாம் எவ்வளவு தூரம் ஒரு பூச்சியின் இனபேதத்தால் காப்பாற்றப்பட்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அரிப்புக்கும் அபாயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதையே இந்தச் சரித்திரம் காட்டுகிறது. தோல் சமாதானமாகிவிட்ட அப்பாயிக்குத் தடிப்பு எழாதிருக்கலாம். தெள்ளு கொண்டுவரும் கிருமி அந்தச் சமாதானத்தை மதிப்பதில்லை. எலித்தெள்ளால் பரவும் ஒருவகை டைபஸ் காய்ச்சல் இலங்கையில் உண்டு. அதன் கிருமி தெள்ளின் எச்சத்தில் இருப்பது. கடித்த இடத்தைச் சொறியும்போது நகமே அதை உள்ளே தேய்த்து அனுப்புகிறது. ஆகவே அரிப்பு உள்ளவருக்கு ஒரு விதத்திலும், அரிப்பு இல்லாமையால் கவனிக்காதவருக்கு வேறு விதத்திலும் ஆபத்து இருக்கிறது. தலைவலியோடு பல நாள் நீடிக்கும் காய்ச்சலில், வீட்டில் எலியும் தெள்ளும் உண்டா என்று டாக்டர் கேட்டால், இல்லை என்று கௌரவம் காக்காமல் உள்ளதைச் சொல்வது நல்லது.

தெள்ளைத் தோட்டத்து ஏழைகளின் அசுத்தத்தோடு முடிச்சுப்போடுவது ஒரு பழைய வழக்கம். துரை பங்களாக்களில் நாய்கள் மூன்றும் நான்கும் இருந்தன. தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள். தெள்ளுப் புழுவுக்குக் கம்பளத்தைவிட உசிதமான வனம் உலகத்தில் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், பங்களாவில் கம்பளத்தை வெயிலில் போட்டு அடிப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் இருந்தான். அவனுடைய சொந்தக் காம்பராவின் மண்தரையை வெயிலில் எடுத்துப் போட வழியில்லை. பூண்டு தின்பது, விட்டமின் மாத்திரை விழுங்குவது முதலிய உபாயங்களால் தெள்ளு விலகுவதில்லை. நாய் பூனைக்கு மிருக வைத்தியரிடம் வாங்கிய மருந்தை முறை தவறாமல் இடுவதும், அவை படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசுவதும், தரையின் வெடிப்பை அடைத்துக் கூட்டுவதும், பாயைக் கச்சானிலும் வெயிலிலும் காயவைப்பதும்தான் பயன் தருபவை. நாயை விட்டுவிட்டு வீட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் மறுவாரமே பழைய கதைதான்.

இப்போது மலையகத்தில் தனித்தனி வீடுகள் எழுகின்றன. இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகளுக்கு ஏற்பாடாயிற்று. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்ட பிறகு, ஊவாவில் வீட்டுப் பிரச்சினையைத் தள்ளிப்போடுவது யாருக்கும் சுலபமாக இல்லை. சீமெந்துத் தரையும் சன்னலும் உள்ள வீட்டில் தெள்ளுப் புழுவுக்கு இடம் குறைவு என்பது நிச்சயம். ஆயினும் பெரும்பான்மையோர் இன்னும் லயங்களில்தான் இருக்கிறார்கள், புது வீட்டுக்குப் போகிறவர்களும் நாயைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

வீடு மாறுகிறவர்களுக்குச் சொல்லவேண்டிய ஒன்று மீதியிருக்கிறது. புழு வளர்ந்து பட்டுப்போன்ற ஒரு கூட்டைப் பின்னிக்கொண்டு அதற்குள் தெள்ளாக மாறியபின், உடனே வெளிவந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. இரை அருகில் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் கூட்டுக்குள்ளேயே அசையாமல் இருக்கும். ஒரு காலடியின் அழுத்தமும் உடம்பின் வெம்மையும் பட்ட மாத்திரத்தில் எல்லாம் ஒருமிக்க வெளிப்படும். பூட்டிக்கிடந்த பழைய காம்பராவில் விறகோ உரமூட்டையோ எடுக்க முதலில் நுழைகிறவரின் கால், அவர் இரத்தம் எவ்வகையானாலும், அன்றைக்கு அத்தனை தெள்ளுக்கும் ஒரே இலக்கு. ஆகையால் காலி செய்த அறையை அப்படியே பூட்டிவிடாமல், மூலை முடுக்கெல்லாம் நன்றாகக் கூட்டி, குப்பையை எரித்து, தரையில் பூச்சிமருந்து தெளித்து, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கவேண்டும். கூட்டுக்குள் இருப்பவற்றை முதல் மருந்து எட்டுவதில்லை.